நெய்வேலியின் நீர்மட்டக் கணக்கு ஊருக்கும் தெரியட்டும்

நெய்வேலி மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது என்று நாட்டுக்குச் சொன்னது ஒரு கிணறு. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கருப்பாக ஏதோ ஒரு பொருள் மேலே வந்தது. அந்தக் குழியை மூடிவிட்டு அவர் வேறு இடம் பார்த்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், கண்டதை அரசின் காதுக்குக் கொண்டுபோனார். 1940களில் துளையிட்டு ஆய்வுகள் நடந்தன. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் உருவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. இன்றைய டவுன்ஷிப்பின் பிளாக்குகளும் பள்ளிகளும் மரங்கள் நிழல் பரப்பும் சாலைகளும் அந்தக் கிணற்றுச் செய்தி வெளியே வந்ததன் விளைவுகள்.

நான் பேச வந்ததும் கிணறுகளைப் பற்றித்தான்.

நெய்வேலி நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே, கடலூர் மணற்பாறை என்று நிலவியலாளர்கள் அழைக்கும் அடுக்குகளில், பெரும் அழுத்தத்தோடு தண்ணீர் அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம். மேலே இருக்கும் மண்ணை வெட்டி எடுத்துவிட்டால் இந்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க எடை இருக்காது; சுரங்கத் தரையே பிளந்து தண்ணீர் பொங்கும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, இரவு பகலாக நீரை இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டன் நிலக்கரி எடுக்கப் பல டன் தண்ணீரை வெளியேற்றியாக வேண்டியது இந்தச் சுரங்கத்தின் பிறவிக் குணம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த இறைப்பு நடக்கிறது.

எவ்வளவு இறைப்பது என்று தெரிய வேண்டுமானால் அழுத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்காகவே பீசோமீட்டர் எனப்படும் கண்காணிப்புக் குழாய்கள். சுரங்க நிறுவனத்தின் அளவீடு ஒருபக்கம். ஆண்டுக்கு நான்கு முறை, ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களை ஒட்டி, மத்திய நிலத்தடி நீர் வாரியம் எடுக்கும் அளவு இன்னொரு பக்கம். தரமணியில் உள்ள மாநில நீர்வள விவர மையத்தின் கண்காணிப்புக் கிணறுகள் வேறு. இவ்வளவு நீண்ட காலம், இவ்வளவு தேவை கருதி அளக்கப்பட்ட நிலத்தடி நீர்ப்படுகைகள் நாட்டில் சிலவே இருக்கும்.

இந்த அளவீடுகள் கிணறு வாரியாக, தேதி வாரியாக, யாரும் எடுத்துக் கணக்குப் போடக்கூடிய வடிவில் பொதுவெளிக்கு வர வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. வந்த பிறகு அவற்றால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அளக்க வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டாவது நடக்காவிட்டால் முதலாவது நிலைக்காது. பயன் தெரியாத எந்த வேலைக்கும் அடுத்த நிதியாண்டில் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

வெண்பனி பெய்யாத நெய்வேலிக்கு, அதை அளந்தே பேர் பெற்ற ஒருவரின் கதை நன்றாகப் பொருந்தும். ஜேம்ஸ் சர்ச் அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் போன்ற செவ்வியல் இலக்கியங்களைக் கற்பித்தவர். நீரியலில் பட்டம் பெற்றவர் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் மவுண்ட் ரோஸ் என்ற மலையில் ஏறி, குளிர்கால வானிலையைப் பதிவு செய்யத் தொடங்கினார். அப்போது அவருக்கு ஒன்று புரிந்தது. பனி எத்தனை அடி உயரம் கிடக்கிறது என்பதை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். புதிதாகப் பெய்த பனி பஞ்சுபோல் உயர்ந்து நிற்கும்; இறுகிய பனி பாதி உயரமே இருந்தாலும் அதற்குள் இரு மடங்கு தண்ணீர் இருக்கலாம். எனவே ஒரு உலோகக் குழாயைப் பனிக்குள் செருகி, உள்ளே அடைபட்டதை எடை போட்டு, அது உருகினால் எவ்வளவு தண்ணீர் என்று கணக்கிட்டார்.

மலையடிவாரத்தில் இருந்த டாஹோ ஏரியில் அந்நாளில் பெரிய தகராறு. ஏரிக்கரையில் வீடு வைத்திருந்தவர்கள், மட்டம் ஏறினால் தங்கள் நிலம் மூழ்கும் என்றார்கள். கீழே மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் தண்ணீர் வேண்டியவர்களோ ஏரியை நிரப்பி வைக்கச் சொன்னார்கள். மலைமேல் எவ்வளவு நீர் பனியாகக் கிடக்கிறது, கோடையில் ஏரி எவ்வளவு ஏறும் என்று சர்ச் முன்கூட்டியே சொல்லத் தொடங்கியதும், வாக்குவாதம் செய்தவர்கள் ஒரே எண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய நிலை வந்தது. இன்று அமெரிக்காவின் மேற்கு மலைகளில் 900க்கும் மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் பனியின் ஆழத்தையும் அதற்குள் உள்ள நீரையும் அளந்து அனுப்புகின்றன. அணைப் பொறியாளரும் பார்க்கலாம், கீழே பயிர் வைப்பவரும் பார்க்கலாம். கட்டணம் கிடையாது.

நம் இமயமலையில் நிலைமை வேறு. அங்கே பனியை அளக்கும் முதன்மைப் பணி நெடுங்காலம் ராணுவ ஆய்வு அமைப்பான டிஆர்டிஓவின் கையில் இருந்துவருகிறது. எல்லைப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்பதால் அந்த அளவீடுகள் எளிதில் வெளியே வருவதில்லை. காரணம் புரிகிறது, விலையும் புரிகிறது. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் வெள்ளம் வந்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். ரொண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனிக்கட்டியும் சேர்ந்து பெயர்ந்து விழுந்ததே காரணம் என்று உலகெங்கும் இருந்த ஆய்வாளர்கள் ஓரிரு நாட்களுக்குள் கண்டுபிடித்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை யாரும் எடுக்கக்கூடிய செயற்கைக்கோள் படங்கள். பெரிய குழுவாகச் சேர்ந்து அவர்கள் எழுதிய ஆய்வுக்கட்டுரை அதே ஆண்டு ஜூன் மாதம் சயன்ஸ் இதழில் வந்துவிட்டது. திறந்து வைத்த தரவு எவ்வளவு விரைவாக வேலை செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நெய்வேலியில் எல்லைப் பாதுகாப்பு என்ற தடை எதுவும் கிடையாது. நாம் கேட்பது கிணற்று நீர்மட்டம்.

ஆனால் சர்ச் கற்ற பாடத்தை நாமும் கற்க வேண்டும். வெறும் ஆழம் ஏமாற்றும். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரே வயலில் இரண்டு போர் இருக்கும். ஒன்று நிலக்கரிக்கு மேலே உள்ள மணல் அடுக்கில் நிற்கும், மற்றது கீழே உள்ள அழுத்த அடுக்கைத் தொடும். ஒன்றில் மழைக்குப் பின் மட்டம் ஏறும். மற்றதில் மழை பெய்ததே தெரியாது. இந்த இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு, வட்டத்தின் நீர்மட்டம் இவ்வளவு என்று ஒரு எண்ணைத் தந்தால் அதற்குப் பொருளே இல்லை. அளந்தபோது பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா, எந்த இடத்திலிருந்து நாடாவை இறக்கினார்கள் என்பதெல்லாம் பதிவில் இருக்க வேண்டும். பழைய பதிவேடுகளைப் புரட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: கிணற்றின் கைப்பிடிச் சுவரை உயர்த்திக் கட்டிய ஆண்டில் நீர்மட்டம் சட்டென்று இரண்டடி இறங்கியதாகக் கணக்கு காட்டும். தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது, சுவர்தான் ஏறியது. அளந்தவருக்கு இது தெரியும். அவர் ஓய்வுபெற்றுப் போனபின் யாருக்கும் தெரியாது. எண்களை வெளியிடுவது என்றால் இந்தக் குறிப்புகளோடு சேர்த்து வெளியிடுவது.

சுற்றுச்சூழல் அனுமதிக்கான மதிப்பீட்டு அறிக்கைகளிலும் நீர்மட்டம் வரும். அங்கே அது ஒரு பருவத்தின் அட்டவணை. பக்கங்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால் ஒரு எண்ணைக்கூடப் பிரித்தெடுக்க முடியாது. பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரும் விவசாயி அந்தத் தடித்த அறிக்கையிலிருந்து தன் ஊர்க் கிணற்றின் முப்பது ஆண்டு வரலாற்றை எப்படி எடுப்பார்?

எடுக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கிறது. பண்ருட்டியின் பலாவும் முந்திரியும், வடலூர், குறிஞ்சிப்பாடி, சேத்தியாத்தோப்பு வட்டாரத்தின் நெல்லும் கரும்பும் பெரிய அளவில் போர்த் தண்ணீரை நம்பியவை. தண்ணீர் கீழே போகப் போக, போரை ஆழப்படுத்த வேண்டும், மோட்டாரைக் கீழே இறக்க வேண்டும், குதிரைத்திறனைக் கூட்ட வேண்டும். வேளாண் மின்சாரம் இலவசம் என்பதால் இறைக்கும் செலவு பில்லில் தெரியாது. போர் போட்ட கடனில் தெரியும். ஊரில் கேட்டால் சுரங்கம்தான் தண்ணீரை இழுக்கிறது என்பார்கள். சுரங்கத் தரப்பு மழைக்குறைவையும் பெருகிவிட்ட போர்களையும் காட்டும். சென்னையும் இந்தக் கணக்கில் உண்டு. வீராணம் குழாய் 2004இல் தலைநகருக்குத் தண்ணீர் கொண்டுபோகத் தொடங்கியது. வறட்சிக் காலங்களில் நெய்வேலிப் பகுதியின் நிலத்தடி நீரையும் சென்னை நாடியிருக்கிறது. இன்னொரு புறம், சுரங்கம் வெளியேற்றும் நீர் பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயல்களை நனைக்கவும் செய்கிறது.

இவை அத்தனையும் உண்மை. எந்த உண்மைக்கு எத்தனை பங்கு என்பதுதான் கேள்வி. அந்தப் பங்கைப் பிரிக்க ஒரே வழி, எத்தனை லிட்டர் இறைத்தார்கள் என்ற கணக்கையும் சுற்றிலும் கிணறுகள் என்ன காட்டின என்ற கணக்கையும் மழைக் கணக்கையும் ஒரே தாளில் வைத்துப் பார்ப்பது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்க விரிவாக்கத்துக்காக விளைந்து நின்ற பயிர்மீது எந்திரங்கள் இறங்கியபோது மாவட்டமே கொந்தளித்தது. அதே ஆண்டு பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலியைச் சுற்றி நீரையும் மண்ணையும் சோதித்து அறிக்கை வெளியிட்டன. பாதரசம் முதலிய மாசுகள் குறித்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. ஒவ்வொரு தரப்பும் தனக்கென ஒரு தராசைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருப்பது, சந்தையில் பொதுத் தராசு இல்லாததால். அவநம்பிக்கை இங்கே அறுபது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது. அதை ஓர் இணையதளம் கரைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே எண்ணைப் பார்த்து இரு தரப்பும் சண்டை போட்டால், அந்தச் சண்டைக்கு ஒரு முடிவு வர வாய்ப்பு உண்டு.

இப்போது இரண்டாவது கோரிக்கைக்கு வருகிறேன். வெளியிட்ட தரவின் பயனை எப்படி அளப்பது?

வழக்கமாகச் செய்வது, எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்று எண்ணுவது. எளிது, அதனாலேயே ஆபத்தும்கூட. தேர்வுக்காக ஆயிரம் மாணவர்கள் பதிவிறக்கியது ஆயிரமாகத் தெரியும். ஒரு வேளாண் உதவி இயக்குநர் ஒரே முறை பதிவிறக்கி, அதை வைத்து ஒரு வட்டாரத்துக்கே கரும்பைக் குறைத்துச் சிறுதானியம் போடச் சொன்னால், அது ஒன்றாகத் தெரியும். ஆய்வுலகம் இன்னொரு அளவை வைத்திருக்கிறது: எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டின என்பது. அதற்கும் பயன் உண்டு. பத்தாயிரத்துக்கும் அதிகமான மரபணு ஆய்வுக் கட்டுரைகளைப் பரிசீலித்த 2013ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, தரவைத் திறந்து வைத்தவர்களின் கட்டுரைகள் சுமார் 9 விழுக்காடு கூடுதலாக மேற்கோள் காட்டப்படுவதைக் கண்டது. பகிர்ந்தவருக்கும் லாபமே என்று தயங்குபவர்களிடம் சொல்ல இது உதவும். ஆனால் முந்திரித் தோப்புக்காரர் கட்டுரை எழுதுவதில்லை.

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 வரை விலைக்கு விற்கப்பட்டன. இலவசமாக்கியதும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் போன படங்கள் லட்சக்கணக்கில் போகத் தொடங்கின. அவர்கள் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. பயன்படுத்துபவர்களையே கேட்டார்கள்: இந்தப் படம் இலவசமாகக் கிடைக்காவிட்டால் எவ்வளவு கொடுத்து வாங்குவீர்கள்? அந்தக் கணக்கின்படி 2017இல் மட்டும் பயன் 345 கோடி டாலர் என்று அந்நாட்டுப் புவியியல் ஆய்வுத் துறை மதிப்பிட்டது. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த செயற்கைக்கோளுக்குப் பணம் கேட்க முடிகிறது.

யாரும் எதிர்பாராத பயன் என்று ஒன்று உண்டு. அதை எந்தப் படிவத்திலும் முன்கூட்டியே நிரப்ப முடியாது. ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள், நம் கடலூர் மணற்பாறையின் ஆழத்து நீரில் கரைந்திருந்த ஐசோடோப்புகளையும் அதன் வயதையும் அளந்து, தென்னிந்தியாவின் கடந்த 30,000 ஆண்டுத் தட்பவெப்பம் எப்படி மாறிவந்தது என்று 1998இல் எழுதினார்கள். சுரங்கத் தரை பிளக்காமல் இருக்க இறைக்கும் அதே படுகையின் தண்ணீர், பனியுகக் காலத்தின் வானிலைக் குறிப்பேடாகவும் இருக்கிறது! அதைப் போலவே, 2009இல் வடமேற்கு இந்தியாவின் நிலத்தடி நீர் ஆறே ஆண்டுகளில் 109 கன கிலோமீட்டர் குறைந்ததாகச் சொல்லி நாட்டை உலுக்கிய ஆய்வு, கிரேஸ் என்ற செயற்கைக்கோள்களின் திறந்த தரவில் பிறந்தது. பூமியின் ஈர்ப்பு விசையில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தை விண்ணிலிருந்து அளந்த எண்கள் அவை. நம் மண்ணின் தண்ணீர்க் கணக்கை நமக்கு வானத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

இருந்தாலும் எனக்கு மிகவும் பிடித்த அளவுகோல் ஆந்திராவில் இருக்கிறது. அங்கே ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு ஆதரவோடு, வறட்சி மிகுந்த 7 மாவட்டங்களில், 600க்கும் மேற்பட்ட கிராமங்களில் விவசாயிகளே கிணற்று நீர்மட்டத்தையும் மழையையும் அளந்தார்கள். அளந்ததை ஊர்ப் பொது இடத்தில் பலகையில் எழுதினார்கள். குறுவையோ சம்பாவோ வைக்கும் முன் நாம் கால்வாய்த் தண்ணீரைக் கணக்குப் பார்ப்பதுபோல், ராபி பருவத்துக்கு முன்பு கூடி உட்கார்ந்து, பூமிக்குள் இவ்வளவு இருக்கிறது, இந்தப் பயிருக்கு இவ்வளவு வேண்டும் என்று வரவு செலவு போட்டார்கள். யாரையும் யாரும் தடுக்கவில்லை. சட்டம் எதுவும் போடவில்லை. பல ஊர்களில் நெல்லின் பரப்பு குறைந்தது, இறைப்பும் குறைந்தது, வருமானம் குறையவில்லை. உலக வங்கி 2010இல் வெளியிட்ட இந்திய நிலத்தடி நீர் அறிக்கை இந்தத் திட்டத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னது. பயிர்ப் பரப்பு மாறியதா, இறைப்பு குறைந்ததா என்று வயலில் போய்ப் பார்த்தார்கள். தரவின் தாக்கத்தை இப்படித்தான் அளக்க வேண்டும்.

நெய்வேலிக்கு நான் என்னென்ன எண்ணுவேன்? முதலில், வீணான போர்கள். புதிதாகப் போர் போட்டுத் தண்ணீர் வராமல் கடனாளியானவர்கள் ஓர் ஊராட்சியில் எத்தனை பேர், அளவீடுகள் வெளிவந்த மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எத்தனை பேர் என்று கணக்கெடுப்பேன். வேறெந்த அளவும் இதற்கு ஈடாகாது. அடுத்து, இழப்பீட்டு வழக்குகளிலும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டங்களிலும் இரு தரப்பும் ஒரே கிணற்றின் ஒரே எண்ணை எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று பார்ப்பேன். தவறு கண்டுபிடித்து ஊர்க்காரர்கள் எழுதிய கடிதங்களையும் எண்ணுவேன். எங்கள் ஊர்க் கிணற்றின் எண் தப்பு என்று ஒருவர் எழுதினால், அவர் அதைப் படிக்கிறார் என்று பொருள்.

அளந்தவர்களின் பேரும் நிற்க வேண்டும். வெயிலில் வரப்பில் நடந்து நாடாவை இறக்கிப் படித்த கண்காணிப்புப் பணியாளரின் உழைப்பின்மேல் முனைவர் பட்டங்கள் எழுந்திருக்கின்றன. அவர் பேர் எந்தக் கட்டுரையிலும் இல்லை. இப்போது தரவுத் தொகுப்புகளுக்கே நிலையான அடையாள எண் கொடுத்து, நூலுக்கு ஆசிரியர் பேர் போடுவதுபோல் அளந்தவர்களின் பேரைச் சேர்க்கும் முறை உலகெங்கும் வந்துவிட்டது. தரவுகளை மட்டுமே வெளியிடும் ஆய்விதழ்களும் இருக்கின்றன. நம் துறைகளும் இதைப் பின்பற்றிப் பதவி உயர்விலும் அந்த உழைப்பைக் கணக்கில் எடுத்தால், பதிவேட்டை மேசையிலேயே உட்கார்ந்து நிரப்பும் பழக்கம் தானாகக் குறையும்.

மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்ற மறுப்பு எப்போதும் வரும். எண்ணே கிடைக்காத இன்று மட்டும் சரியாகப் புரிந்துகொண்டா இருக்கிறார்கள்? வழக்குப் போட இடம் கொடுக்கும் என்பார்கள். வழக்கு இப்போதும் இருக்கிறது, எண்கள் இல்லாமல். சட்டம் எண்களின் பக்கம்தான் நிற்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபோதே, கேட்காமலே வெளியிட வேண்டியவை என்று ஒரு பிரிவை வைத்தது. பொதுப்பணத்தில் திரட்டிய தரவைப் பகிர வேண்டும் என்ற தேசியக் கொள்கை 2012இல் வந்தது. ஒன்றிய அரசின் நீர்வளத் தகவல் தளத்தில் ஆயிரக்கணக்கான கிணறுகளின் அளவுகள் இன்றே இருக்கின்றன. அதோடு இந்தப் படுகையின் இறைப்புக் கணக்கும் அழுத்தக் கணக்கும் சேர வேண்டும்.

2019 டிசம்பரில் தொடங்கிய அடல் பூஜல் திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நிலத்தடி நீர்த் தரவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது, மாநிலங்களுக்குப் பணம் விடுவிப்பதற்கான அளவுகோல்களில் ஒன்று. எண்களைக் காட்டினால் நிதி. அந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட 7 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. நாமே அப்படி ஒரு ஏற்பாட்டை இங்கே தொடங்குவதை யாரும் தடுக்கவில்லை.

சுரங்கத்தை நடத்தும் என்எல்சி இந்தியா நிறுவனத்துக்கும் மாநில நீர்வளத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் என் வேண்டுகோள் இது. மூவரும் சேர்ந்து நெய்வேலிப் படுகையின் எல்லாக் கண்காணிப்புக் கிணறுகளின் அளவுகளையும், தினசரி இறைப்பையும், அடுக்கு, அளவுப் புள்ளி உள்ளிட்ட குறிப்புகளோடு ஒரே தளத்தில், தமிழில், பதிவிறக்கும் வடிவில் வெளியிடுங்கள். பழைய காகிதப் பதிவேடுகளையும் விடாதீர்கள். 1960களின் எண்கள் இல்லாமல் இன்றைய எண்ணுக்கு முழுப் பொருள் கிடையாது. ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் அந்த ஊர்க் கிணற்றின் மட்டம் மாதந்தோறும் எழுதப்படட்டும். வரும் ஜனவரி அளவீட்டில் இதைத் தொடங்கலாம். புதிதாக ஒரு கிணறுகூடத் தோண்ட வேண்டியதில்லை.

(கட்டுரையாளர்: நிலத்தடி நீரியல் ஆய்வாளர்)